ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம்

எங்கள் மையத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. குடிமை மற்றும் அரசியல் சட்டக் கல்விக்கான பல்கலைக்கழக விரிவாக்க மையம். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் பின்புறம், சமஸ்தான காலத்துக் குதிரை லாயம் ஒன்றைத் தடுத்து மூன்று அறைகளாக்கியிருந்தார்கள். முதல் அறையில் இயக்குநர் இருந்தார். இரண்டாவது அறை துணை இயக்குநரான எனக்கு. மூன்றாவது அறையில் புத்தகங்களும் அவற்றைத் தின்னும் கரையான்களும் குடியிருந்தன. மழை பெய்தால் தரையிலிருந்து பழைய லாயத்து வாடை கிளம்பும். வாசலில் பலகை மாட்டிய முதல் வாரத்தில் நான்கு பேர் பட்டா மாற்ற வேண்டுமென்று வந்தார்கள். ஒருவர் மாடு காணாமல் போன விஷயமாக வந்தார். அரசியல் சட்டம் படிக்க யாரும் வரவில்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது நான் கல்லூரி மாணவன். ஊரெல்லாம் கொடி பிடித்துக் கத்தியவர்களில் நானும் ஒருவன். என் அப்பா தர்பார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அன்று அவர் வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே முத்திரையை எவன் வச்சிருப்பான்?" என்று கேட்டார். மகாராஜா போனதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முத்திரை இல்லாத காகிதம் வெறும் காகிதம், முத்திரை விழுந்தால் அது உத்தரவு. முப்பது வருடம் அந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டே அவர் குடும்பம் நடத்தியிருந்தார். நான் அவரைக் கேலி செய்தேன். இனிமேல் ஜனங்கள்தான் முத்திரை என்று மேடைப் பேச்சு மாதிரி ஏதோ சொன்னேன். அவர் கால் கழுவப் போய்விட்டார்.

பிறகு சரித்திர விரிவுரையாளன் ஆனேன். ஐம்பதுகளின் கடைசியில் மையம் தொடங்கியபோது என்னைத் துணை இயக்குநராகப் போட்டார்கள். அன்னவாசல், விராலிமலை, கொடும்பாளூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஜீப்பில் போவோம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் சாயங்காலம் வகுப்பு, ஒரு ஊருக்குப் பத்து நாள். வாக்கு என்றால் என்ன, கோர்ட் எதற்கு, பஞ்சாயத்துக்கு என்ன அதிகாரம், ஒரு மனிதனுக்கு என்னென்ன உரிமை என்பதெல்லாம் பாடம். உரிமைகள் பகுதியை மட்டும் எடுத்து, எளிய தமிழில் நான் ஒரு சிறு புத்தகமாக எழுதினேன். மையம் அதை அச்சிட்டது. உள் அட்டையில், "மையத்தின் உடைமை. படித்தபின் திருப்பித் தரவும்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். புத்தகத்திலேயே பிழையில்லாத வரி அதுதான் என்று இயக்குநர் கேலி பேசுவார்.

இயக்குநர் கெட்டவரில்லை. அதுதான் தொல்லை. மெலிந்த உடம்பு, வெள்ளை ஜிப்பா, சட்டத்தில் நல்ல ஞானம். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு வயிற்றுக் கோளாறு என்பதால் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பித்தளைக் கூஜாவில் எங்கள் தண்ணீர் கூடவே வரும். எனக்கு ஒரு கோளாறும் இல்லை, ஆனால் நானும் அதிலேயே குடித்தேன். கூஜா தூக்கி என்று பிறரை நாம் கிண்டலாகச் சொல்கிறோமே, நான் ஜீப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் அதை நிஜமாகவே தூக்கிக்கொண்டு நடந்தவன். சேரியிலிருந்து வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்துவிட்டு, தொண்டை வறண்டதும் மூடியைத் திருகித் திறந்து எங்கள் தண்ணீரைக் குடிப்போம். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. எங்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வகுப்பில் நான் வைத்த முதல் விதி, யாரும் யாரையும் சாமி என்று கூப்பிடக் கூடாது என்பது. சார் என்றோ ஐயா என்றோ கூப்பிடலாம். நானும் எல்லாரையும் நீங்க என்றுதான் பேசுவேன். இந்த விதியில் எனக்கு ரொம்பப் பெருமை.

பத்தாம் நாள் மாதிரிப் பஞ்சாயத்து. அது என் யோசனை. வந்திருப்பவர்களுக்குள்ளேயே தேர்தல் வைத்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவர் பெஞ்சில் உட்காருவார். யாராவது தீர்மானம் கொண்டுவர வேண்டும், விவாதிக்க வேண்டும், கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். தீர்மானத்தை மையத்தின் காகிதத்தில் நல்ல கையெழுத்தில் எழுதி, வந்தவர்கள் கையெழுத்தோ ரேகையோ வைத்தபின், நான் மையத்தின் முத்திரையைக் குத்தித் தலைவர் கையில் கொடுப்பேன். வட்ட முத்திரை, ஊதா மை. முத்திரை தேவையா என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார். முத்திரை இருந்தால்தான் ஜனங்கள் இதை மதிப்பார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். கேலி செய்த அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே சொத்து அது.

பெரும்பாலான ஊர்களில் தீர்மானங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோடு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும், கண்மாய் மடையைச் சரிசெய்ய வேண்டும். காகிதத்தை வாங்கிப் போய்ச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய ஊர்களும் உண்டு. எவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்னவாசலுக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊருக்கு நடுவில் ஒரு ஊருணி, குடிதண்ணீருக்கு அது ஒன்றுதான். செருப்போடு கரையேறக் கூடாது, கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அதில் தப்பில்லை. குடிக்கிற தண்ணீர். சேரிக்காரர்களுக்கு மட்டும் வேறொரு விதி. அவர்கள் குடத்தோடு கரைக்கு வெளியே, புங்க மரத்தடியில் நிற்க வேண்டும். ஊர்ப் பெண்களில் யாராவது மனமிரங்கி மொண்டுவந்து, கை நீட்டி, எட்ட நின்று ஊற்றுவார்கள். மனமிரங்கும் வரைக்கும் நிற்க வேண்டும். கோடையில் ஒரு குடத்துக்கு அரை நாள் ஆகும். ஆனால் அந்த ஊருணியின் படிக்கட்டுக் கல் அத்தனையும் சேரியிலிருந்த ஒரு கல்லுடைக்கிற மனிதர் பாறையில் பிளந்து, கொத்தி, தன் கையால் பதித்தவை. பதித்த மறுநாள் ஊரார் மஞ்சள் நீர் தெளித்துச் சுத்தம் செய்தார்கள். அதன்பின் அந்தப் படியில் அவர் கால் வைக்கவில்லை.

அவர்தான் வகுப்புக்கு முதல் ஆளாக வருவார். நாற்பது வயதிருக்கும். வலது கைக் கட்டைவிரல் நகம் செத்துக் கறுத்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பார். என் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் படித்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்திலிருந்தே கேள்வி கேட்பார். பொதுக் கிணறு, குளம், படித்துறை இதிலெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பக்கத்துக்கு வந்த அன்று எல்லாரும் போனபின்பும் நின்றார்.

"ஐயா, இது எழுதி எத்தனை வருசமாச்சுங்க?"

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சு."

"அப்படீன்னா எங்க ஊரு ஊருணிக்கும் சேத்துத்தான் எழுதியிருக்காங்களா?"

"எல்லா ஊருக்குந்தான். தடுத்தா அது குத்தம்னு தனிச் சட்டமே வந்திருக்கு."

அவர் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "சொல்லாமலே இருந்திருக்காங்களேங்க" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவியிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பத்தாம் நாள் வந்தது. அன்றைக்கு வழக்கமில்லாமல் ஊரே திரண்டு வந்திருந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்த நேரம், கூத்துப் பார்க்கிற மாதிரி வந்திருந்தார்கள். மாதிரித் தலைவருக்கு யாரை நிறுத்தலாம் என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒரு இளவட்டம் கல்லுடைக்கிறவர் பெயரைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அம்பலமும் சிரித்தார். "சரிதாம்ப்பா, இன்னிக்கு ஒரு நாளைக்கு அவரே ராசா" என்றார். கூத்தில் வேலைக்காரன் மகுடம் வைத்துக்கொண்டு வருவானே, அந்த மாதிரி. கைகள் எழுந்தன. யாரோ வாசலில் கிடந்த செவ்வந்தி மாலை ஒன்றை எடுத்துவந்து போட்டார்கள். அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நானும் ஜனநாயகம் வெற்றிபெற்றுவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தீர்மானம் யாருடையது என்று கேட்டேன். மாலையோடு உட்கார்ந்திருந்த கல்லுடைக்கிறவரே எழுந்தார். "இந்த ஊரு ஊருணியில ஊரார், சேரியார் எல்லாரும் எறங்கித் தண்ணி எடுக்கலாம்னு தீர்மானிக்கணுங்க" என்றார். சிரிப்பு நின்றது. நான் அம்பலத்தின் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் அந்த இளவட்டமே, "தலைவரு சொல்லிட்டாரப்பா, கையத் தூக்குங்க" என்று கத்தினான். மறுபடி சிரிப்பு. ஒரு கை, பத்துக் கை, கூடம் முழுக்கக் கைகள். அம்பலம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடு போட்டுக் காட்டினார். விளையாட்டில் தாராளமாக இருப்பதற்கு யாருக்குத்தான் கஷ்டம்? தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நானே எழுதினேன். அம்பலம் முதல் கையெழுத்துப் போட்டார், தமிழில், பெரிதாக. முத்திரையைக் குத்தி ஊதிக் காயவைத்துக் கல்லுடைக்கிறவர் கையில் கொடுத்தேன்.

அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இது செல்லுங்களா ஐயா?"

மாதிரிக்காகத்தான், இது செல்லாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அல்லது காகிதத்தை மறந்துவிடுங்கள், சட்டமே போதும், ஆனால் தனியாகப் போகாதீர்கள், தாசில்தாருக்கு மனு எழுதி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போகலாம், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் சொல்லவில்லை. ஊரே கை தூக்கிய சந்தோஷத்தில், "ஒங்க உரிமைங்க இது. யாரும் மறுக்க முடியாது" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கூஜாவை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

ஐந்து நாள் கழித்து அவர் மனைவி இடுப்பில் குடத்தோடு புங்க மரத்தைத் தாண்டி நடந்தார். அவர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். கணவர் பதித்த படியில் இறங்கி, அந்த அம்மாள் குடத்தை முக்கி எடுத்து மேலே வரும்வரைக்கும் யாரும் தடுக்கவில்லையாம். திகைத்துப்போய் நின்றிருக்கிறார்கள். மேலே வந்ததும் குடத்தைப் பிடுங்கி உடைத்தார்கள். கணவரைப் புங்க மரத்திலேயே கட்டிப்போட்டு அடித்தார்கள். அவர் தீர்மானம், தீர்மானம் என்று கத்தினாராம். "அது வெளாட்டுக்குத் தூக்குன கையிடா" என்று அம்பலம் சொன்னாராம். ஊருணியிலிருந்த தண்ணீரை ஊரார் இறைத்துக் கொட்டவில்லை, கோடை வரப்போகிறதல்லவா. பரிகாரம் செய்துவிட்டு அதையே குடித்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் இந்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியம். அவர்களே அவரைப் போலீசில் கொண்டுபோய் விட்டார்கள். சர்க்கார் உத்தரவு என்று போலிக் காகிதத்தைக் காட்டி ஊரை ஏமாற்றிக் கலகம் மூட்டினான் என்று புகார். சாட்சிக்கு அந்த முத்திரை போட்ட காகிதம். சப்-இன்ஸ்பெக்டரிடமிருந்து மையத்துக்குக் கடிதம் வந்தது. இந்தக் காகிதம் உங்களுடையதா, இதன் தன்மை என்ன, எழுத்தில் தெரிவிக்கவும். அவ்வளவுதான் கேள்வி. நாங்கள் என்ன எழுதுகிறோமோ அதை வைத்து, ஒன்று அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் ஆவார், இல்லை அவரை அடித்தவர்கள் குற்றவாளிகள் ஆவார்கள்.

அந்த மாதம்தான் மையத்தின் அனுமதியை மேலும் ஐந்து வருடத்துக்கு நீட்டிப்பது பற்றிப் பல்கலைக்கழகம் முடிவெடுக்கவிருந்தது. அம்பலத்தின் சம்பந்தி அந்த முடிவெடுக்கும் குழுவில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அவருக்குப் பிறகு யார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இதையெல்லாம் நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

நான் மூன்று வாக்கியத்தில் பதில் எழுதினேன். இது எங்கள் மையத்தில் தயாரான காகிதம். பயிற்சிக்காக நடத்தப்பட்ட மாதிரிப் பஞ்சாயத்தின் தீர்மானம், இதற்கு அதிகாரபூர்வமான செல்லுபடி கிடையாது. ஆயினும் இதில் கூறப்பட்டிருக்கும் உரிமை அரசியல் சட்டப்படி ஏற்கெனவே எல்லாக் குடிமக்களுக்கும் உள்ளது, அதைத் தடுப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

இயக்குநர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். ஒவ்வொரு சொல்லும் சரி என்று தலையாட்டினார். பிறகு மூன்றாவது வாக்கியத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார், அழுத்தாமல்.

"தப்பா ஒண்ணும் இல்லை. ஆனா அவுங்க இதைக் கேக்கலையே. கேட்டது காகிதத்தோட தன்மை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவோம்."

"அவரை உள்ள வச்சிருக்காங்க சார்."

"சட்டம் போலீசுக்குத் தெரியாதா? நாம போதிக்கிறவங்க, தம்பி. வழக்காடறவங்க இல்லை."

அவர் வாயில் அது எவ்வளவு நியாயமாக இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பார், நாற்காலி எனக்கு வராமல் போயிருக்கலாம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக நான் இரண்டு வாக்கியத்தை வேறு காகிதத்தில் அழகாகப் பிரதியெடுத்து, இயக்குநருக்காக என்று போட்டு என் கையெழுத்தைப் போட்டேன். முத்திரையும் குத்தினேன். எங்கள் முத்திரை உண்மையில் செல்லுபடியானது அந்த ஒரு தடவைதான்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். மனசு உறுத்தியதால் நேரில் கொண்டுபோனேன். உறுத்தலுக்கு இதுதான் மருந்து என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. அவரை ஸ்டேஷன் வராந்தாவில் சுவரோரமாகக் குந்தவைத்திருந்தார்கள். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. அவர் மனைவி எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா ஐயா?"

"எழுதிக் கொண்டாந்திருக்கேன். நீ உக்காரு."

நீ என்று என் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன். பத்து நாள் வகுப்பில் ஒருமுறைகூட வராதது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்து, வீங்கிய முகத்தோடு சிரித்தார். "நாந்தான் சொன்னேனுல்லங்க, சாரு வருவாருன்னு. எழுத்திலேயே கொண்டாந்துட்டாரு பாருங்க" என்றார். வேப்பமரத்தடியைப் பார்த்துக் கையைக் காட்டினார். அந்த அம்மாள் எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு, அவர் உறையைப் பிரிக்கும் முன்னாலேயே நான் வெளியே வந்துவிட்டேன். வராந்தா வழியாக வராமல் பின்பக்க வாசல் வழியாக வந்து பஸ் ஏறினேன். இதற்கு ஒரு சாக்கும் இல்லை. கோழைத்தனம்.

வழக்கு என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. போலிக் காகிதத்தால் ஊரை ஏமாற்றியது தப்பு, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அடித்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் பாறைக் குத்தகை அம்பலத்துடையது, அதனால் அவருக்கு அங்கே கல் உடைக்கும் வேலை போயிற்று. அவர் மனைவி புங்க மரத்தடியில் எத்தனை நேரம் நின்றாலும் யாரும் ஊற்றக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவை இவை. தெரிந்துகொண்டதோடு சரி.

வருடாந்திர அறிக்கையை எழுதுவது என் வேலை. அதில் அந்த ஊரைப் பற்றி, பொது நீர்நிலை குறித்த முற்போக்கான தீர்மானம் ஒன்று மாதிரிப் பஞ்சாயத்தில் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். பொய் இல்லை. மையத்துக்கு ஐந்து வருடம் நீட்டிப்புக் கிடைத்தது. இரண்டு வருடத்தில் நான் முதல் அறைக்கு மாறினேன். இயக்குநர் விடைபெறும்போது தன் கூஜாவை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். மாதிரிப் பஞ்சாயத்தை நான் நிறுத்தவில்லை. முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொரு ரப்பர் முத்திரை செய்து வாங்கினேன், "பயிற்சிக்காக மட்டும்" என்று. அதன்பின் எந்த ஊரிலும் எந்தச் சிக்கலும் வரவில்லை. நிர்வாகத்தில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர் வந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் விராலிமலைக்கு வகுப்பு எடுக்கப் போனோம். மலைக்கு இந்தப் பக்கம், திருச்சி–மதுரை ரோட்டில் ஜீப் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்தார். ரோட்டோரத்தில் வரிசையாக ஓலைப் பந்தல்கள், அடியில் ஆட்கள் ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்தலிலிருந்து ஒருவர் எழுந்து என்னைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டைவிரல் நகத்தைப் பார்த்ததும்தான் அடையாளம் தெரிந்தது.

ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. அதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"வாங்க. சௌக்கியமா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கோம். இங்கிட்டு வேலை இருக்கு. ரோட்டு வேலை முடிஞ்சா அங்கிட்டுத் துவரங்குறிச்சிப் பக்கம் போவோம்."

குரலில் கோபம் இல்லை. கோபத்தை எதிர்பார்த்து நான் சில பதில்களைத் தயாராக வைத்திருந்தேன், வருடக்கணக்காக. அவை ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் மனைவி பந்தலுக்குள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். வெயில் கடுமையாக இருந்தது. நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பந்தலில் இருந்த மண்பானையைப் பார்த்தார், பிறகு ஜீப் பின்சீட்டில் இருந்த கூஜாவைப் பார்த்தார்.

"தண்ணி கொண்டாந்திருப்பாரு" என்றார், கணவனிடம். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். எனக்குத் தண்ணி கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. அவர்கள் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று முதல் தடவையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணவர் பந்தலுக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றி, சணலால் கட்டியிருந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். என் புத்தகம். அட்டை கசங்காமல், மூலை மடங்காமல் இருந்தது. ஊரை விட்டு ஓடியபோதும், பந்தலுக்குப் பந்தல் மாறியபோதும் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறார். கிணறு, குளம் என்று வரும் பக்கத்தில் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் காகிதம் கறுத்திருந்தது.

"திருப்பிக் குடுக்கணும்னு உள்ள போட்டிருக்குங்க. ஆபீசுக்கு வரலாம்னா ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் வச்சிருந்தேன்."

"நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

அவர் புத்தகத்தை என் கையில் வைத்தார். கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் கேள்வி கேட்க நிற்பாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு டேசன்ல ஒங்க காயிதத்தைப் படிச்சுக் காட்டுனாங்க. அது பயிற்சிக்குன்னு எழுதியிருந்துச்சு. சரி, நாந்தான் வெளங்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்னு நெனைச்சேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. இந்தப் பொஸ்தகம்... இதுவும் பயிற்சிக்கு மட்டுந்தானுங்களா, சாமி?"

சாமி என்று சொன்னார்.

இல்லை என்று சொன்னால், பிறகு அன்றைக்கு ஏன் அதை எழுதவில்லை என்று கேட்பார். கேட்காவிட்டாலும் நினைப்பார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. டிரைவர் பானெட்டைச் சாத்தி, வண்டி ரெடி சார் என்று கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். அவர் வண்டியை விட்டு ஓரடி விலகி நின்று கும்பிட்டார். விராலிமலையில் அன்று சாயங்காலம் அடிப்படை உரிமைகள் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள்.

மறுநாள் மூன்றாவது அறைக்குப் போய்ப் புத்தகப் பதிவேட்டை நானே எடுத்தேன். அந்த ஊரின் பக்கத்தில், அவர் பெயருக்கு நேரே, திரும்ப வந்தது என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் புத்தகத்தின் நிலை என்ன என்று குறிக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.